எனாக் ஹாப்லி கழற்றிய குமிழ்

1939ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, பார்வையிழந்த சிப்பாய்களின் இல்லத்தில், செவிலி சிஸ்டர் பிராஸர் அங்கே புதிதாக வருகிறவர்களின் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தாள். எனாக் ஹாப்லி எதிரே உட்கார்ந்து வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது பெயர் வந்ததும் தலை நின்றுவிட்டது.

மேஜர் லயனல் கார்வுட். 1918இல் போர்முனையில் கடுகு வாயு என்னும் விஷவாயுவில் மாட்டிக்கொண்டவர். அப்போது பிழைத்த கண்கள் இருபது வருஷம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெந்து, போன குளிர்காலத்தோடு முழுதாகப் போய்விட்டன. அறை, இரண்டாம் மாடியில் ஆறாவது. வழி பழக்கிவிட வேண்டியது எனாக்கின் பொறுப்பு.

"ஏதாவது சிரமமா, ஹாப்லி?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். அந்தப் பேர இன்னொரு தடவ சொல்லுங்க."

அவள் மறுபடி சொன்னாள். இருபத்து மூன்று வருஷமாக அந்தப் பெயரைத் தன் மனசுக்குள் மட்டுமே கேட்டிருந்தவன், வேறொருத்தர் வாயால் கேட்பது அன்றுதான் முதல் தடவை.

எனாக் லிங்கன்ஷயர் பக்கம் ஒரு சின்ன ரயில் ஊரில் பிறந்தவன். அப்பா சிக்னல்காரர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர், அதிகம் பேசாதவர். எனாக் தச்சுவேலை பழகி, பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். மறுவருஷம் பிரான்ஸில் பயிற்சி முகாமில் கையெறி குண்டு வீசப் பழக்கினார்கள். பழக்கியவர் அப்போது கேப்டனாக இருந்த கார்வுட்.

அன்று வீசிய குண்டுகளில் ஒன்று வெடிக்காமல் குழியில் கிடந்தது. அப்படிக் கிடந்தால் யாரும் கிட்டே போகக்கூடாது; அதிகாரியே வந்து வெடி வைத்து அழிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பதினோரு மணிக்கு ஜெனரல் பார்வையிட வருவதாக இருந்தது. குழி காலியாக இருக்க வேண்டும் என்று கார்வுட்டுக்கு அவசரம். "ஹாப்லி, போய் அத எடுத்துட்டு வா" என்றார். எனாக் மணல் மூட்டைகளுக்கு மேலே தலையை நீட்டி, அது எங்கே கிடக்கிறது என்று பார்த்தான். அவன் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

கண் போனது கூடப் போரில் நடக்கிற காரியம். அதற்குப் பிறகு வந்த கடிதம்தான் அவனைக் கொன்றது. லண்டன் ஆஸ்பத்திரியில் கட்டுகளோடு கிடந்தபோது தங்கை கெஸையா வந்து, வீட்டுக்கு வந்த கடிதத்தை அழுதுகொண்டே வாசித்தாள். 'இவ்விபத்துக்கு முழுக் காரணம், தெளிவான உத்தரவை மீறிய இச்சிப்பாயின் கவனக்குறைவே' என்று எழுதிக் கார்வுட் கையெழுத்துப் போட்டிருந்தார். தபால்காரன் மூலம் பாதி ஊருக்கும், தேவாலயப் படிக்கட்டில் மீதி ஊருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. கைமாற கைமாறக் கடிதத்துக்கு ஒரு வால் முளைத்தது. போர்முனைக்குப் போகப் பயந்து பையன் வேண்டுமென்றே கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்றார்கள். அந்த வருஷம் அந்த ஊரிலிருந்து போனவர்களில் பதினாறு பேர் திரும்பவில்லை. அவர்களுடைய அம்மாக்கள் எனாக்கின் அம்மாவுக்குக் கடைத்தெருவில் முகம் கொடுக்கவில்லை.

அப்பா அவனிடம் பேசவில்லை. அவன் வீட்டிலிருந்த ஏழு மாதமும் ஒரே மேஜையில் சாப்பிட்டார். "உப்ப நகர்த்து" என்பதைக் கூட அம்மாவிடம்தான் சொன்னார். எனாக் கிளம்பி செல்கோம்புக்கு வந்தான். தென்கடற்கரையில், பார்வையிழந்த சிப்பாய்களுக்கான இல்லம் அது. அப்பா 1929இல் இறந்தபோது அவன் போகவில்லை.

இல்லத்தில் கைவிரல்களால் தச்சுவேலையை மறுபடி கற்றுக்கொண்டான். அங்கே சலவைக்கூடத்தில் வேலை பார்த்த டோர்கஸை மணந்தான். அவளும் அவன் ஊர்ப்பக்கத்துக்காரிதான். கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அதற்கும் காரணம் அந்தக் கடிதத்தின் வால்.

பிறகு பழைய மாளிகை போதாமல், மலைச்சரிவில் புதுக் கட்டடம் கட்டத் தீர்மானித்தார்கள். லண்டனிலிருந்து வந்த கட்டடக்கலைஞர்கள் இளவட்டங்கள். தூண் வேண்டாம், சிற்பம் வேண்டாம், ஒரு வீட்டில் எது எதற்குத் தேவையோ அது மட்டும் போதும் என்கிற கட்சி. தட்டையான கூரை, எஃகுச் சட்டம், சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. கண் தெரியாதவர்களுக்கு எதற்கு இவ்வளவு ஜன்னல் என்று கேட்டதற்கு, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கன்னத்துக்குத் தெரியுமே என்றார்கள். அந்தப் பதில் எனாக்குக்குப் பிடித்துப்போயிற்று. அவர்களும் வரைபடத்தை மேஜைமேல் விரித்துவிட்டுப் போகிறவர்கள் அல்ல. மரத்தில் மாதிரி செய்து கொண்டுவந்து, "தடவிப் பாருங்க, எங்க இடிக்குது?" என்று கேட்டார்கள். எங்கே இடித்தது என்று சொன்னவன் எனாக். மூலைகள் எல்லாவற்றையும் வளைத்தார்கள். கதவுகளுக்கு முன்னே தரையில் ரப்பர், நடுவழியில் தக்கை என்று கால் மாற்றம் கண்டுபிடிக்கும்படி செய்தார்கள். சுவரை ஒட்டி ஓடும் கைப்பிடிக்கட்டையின் அடியில், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பித்தளைக் குமிழ், லிஃப்டுக்கு இரண்டு, மாடிப்படிக்கு மூன்று. குமிழ் யோசனை முழுக்க எனாக்குடையது. அத்தனையையும் அவனே நின்று திருகினான். 1938 இலையுதிர் காலத்தில் எல்லாரும் குடிபுகுந்தபோது, புதிதாக வருகிறவர்களுக்கு வழி பழக்கும் வேலையை அவனிடமே கொடுத்தார்கள்.

இந்தக் கட்டடத்துக்குத்தான் மேஜர் கார்வுட் வந்து சேர்ந்தார்.

கையைப் பிடித்ததும் எனாக் தன் பெயரைச் சொன்னான். அந்தப் பெயர் அவருக்கு எதையும் நினைவூட்டியதாகத் தெரியவில்லை. போகட்டும், ஆயிரம் சிப்பாய்களைப் பார்த்தவர் என்று நினைத்துக்கொண்டு, நடைவழியில் போகும்போது தானாகவே எடுத்துக் கொடுத்தான். பிரான்ஸில், பயிற்சிக் குழியில், வெடிக்காத குண்டு ஒன்றில் கண் போயிற்று என்றான்.

மேஜர் அனுதாபமாக உச்சுக்கொட்டினார். "பாவம்ப்பா. அங்க நெறைய பேருக்கு அப்படி ஆச்சு. பசங்க சொன்னா எங்க கேக்குறாங்க?"

எனாக் மிச்சமிருந்த கதவுகளைக் கடந்து, ஒவ்வொரு குமிழையும் எண்ணிக் காட்டி, அவரை அறையில் விட்டுவிட்டுத்தான் வந்தான். அந்த நேரம் வரைக்கும் தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு தெரிந்துவிட்டது.

முதல் வாரம் ஒழுங்காகவே கற்றுக்கொடுத்தான். மேஜர் நல்ல மாணவர். சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். படியிலிருந்து ஆறாவது குமிழ் தன் அறை என்று எண்ணி, தானே தனியாகப் போய் வந்தார். தட்டச்சு வகுப்பில் முதல் ஆள். சாப்பாட்டுக்கூடத்தில் உற்சாகமாகப் பேசினார். பத்து நாளில் தன் தமக்கையின் வீட்டுக்குத் திரும்பித் தனியாகவே சமாளித்துவிடலாம் என்றார். அவர் உற்சாகத்தைக் கேட்கக் கேட்க எனாக்குக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது திங்கட்கிழமை மாலை, எல்லாரும் மொட்டைமாடியில் தேநீரும் கிராமஃபோனுமாக இருந்த நேரத்தில், எனாக் திருப்புளியோடு இரண்டாம் மாடிக்குப் போனான். நான்காவது கதவு துணிகள் வைக்கும் அறை. அதற்கு உரிய குமிழைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துளையில் மெழுகை அடைத்துத் தேய்த்துச் சமமாக்கினான். அவ்வளவுதான் காரியம். ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலமே மேஜர் ஆறு குமிழ் எண்ணி, ஏழாவது கதவைத் திறந்தார். அது செவிலியர்கள் உடை மாற்றும் அறை. உள்ளே ஒரு பெண் அலறினாள். மேஜர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்வாங்கினார். மறுநாளும் அதே கதவு. அதற்கு மறுநாள், அதிக எச்சரிக்கையாக, ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். அப்போதும் அதே கதவு.

எனாக் நடைவழியின் கோடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நிதானமா எண்ணுங்க சார். கொஞ்சம் கவனக்குறைவா இருக்கீங்க" என்றான். கவனக்குறைவு என்ற சொல்லை அவன் நாக்கு ருசித்தது.

பழைய ஆட்கள் குமிழைத் தொடுவதேயில்லை, அவர்களுக்குக் கால்களே கணக்கு என்பது எனாக்கின் நம்பிக்கை. அதற்கேற்ப யாரும் புகாரும் சொல்லவில்லை. மேஜர் பற்றிய பேச்சு மட்டும் பரவியது. பெண்கள் அறைக்குள் நுழைகிறாராமே என்று மேஜைக்கு மேஜை சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் மேஜரின் குரல் இறங்கிப்போயிற்று. சாப்பாட்டை அறைக்கே கொண்டுவரச் சொன்னார். ஒரு நாள் எனாக்கிடம், வாயு மூளைக்கும் ஏறியிருக்குமோ என்று மெதுவாகக் கேட்டார். டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்றான் எனாக்.

வீட்டில் அவன் விசிலடிப்பதைக் கேட்டு டோர்கஸ் விசாரித்தாள். முழுதும் சொன்னான். திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தான். அவள் உருளைக்கிழங்கு தோலைச் சீவுவதை நிறுத்தவில்லை.

"ஒண்ணுதான் கழட்டுனியா?"

"ஒண்ணு போதும்."

"ஏன், படிக்கட்டுப் பக்கமும் மூணு இருக்குல்ல."

"கழுத்து முறிஞ்சு செத்துப்போயிட்டா எனக்கென்ன லாபம், டோர்கஸ்? அவரு உசுரோட இருக்கணும். ஊரு சிரிக்கணும்."

அவள் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றாள்.

நான்காவது வாரக் கடைசியில் எனாக் தன் அறிக்கையைத் தட்டச்சு செய்து சிஸ்டர் பிராஸரிடம் கொடுத்தான். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரைப் பற்றியும் அவன் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவதா, கவனிப்பு விடுதிக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். 'மேஜர் கார்வுட் வழி கற்க இயலாதவர். இதற்கு முழுக் காரணம், தெளிவான அறிவுரையை மீறும் அவருடைய கவனக்குறைவே' என்று எழுதியிருந்தான். அந்த வரியை அடிக்கும்போது ஒரு எழுத்துக்கூடப் பிழை வராமல் பார்த்துக்கொண்டான்.

அதற்கு மறுநாள் மேஜர் இல்லத்தின் தச்சுப் பட்டறைக்கு வந்தார். தனியாக, வெளியே கட்டியிருந்த வழிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். எனாக் ஒரு முக்காலிக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தான்.

"ஹாப்லி, உன் கைப்பிடியில ஒரு குமிழ் கொறையுது" என்றார் மேஜர். "நேத்து சாண் போட்டு அளந்தேன். எல்லா எடைவெளியும் பதினஞ்சு சாண். மூணாவதுக்கு அப்புறம் மட்டும் முப்பது. நடுவுல ஒரு துளை. யாரோ மெழுகு வெச்சு அடச்சிருக்காங்க."

"ஆமா சார்."

"உனக்குத் தெரியுமா?"

"நான்தான் அடச்சேன்."

மேஜர் கோபப்படவில்லை. கையால் துழாவி ஒரு பெட்டியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். எதற்கு என்று கேட்டார். எனாக் இழைப்புளியை வைத்துவிட்டு, அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் மனப்பாடமாகச் சொன்னான். அப்பாவின் பெயர், தெருவின் பெயர், தேதி எல்லாம் வந்தன.

"அது நான் எழுதுற வரிதான்" என்றார் மேஜர். "அந்த மாதிரி நான் நெறைய எழுதியிருக்கேன்."

"எனக்கு ஒண்ணுதான் வந்துச்சு."

"உன் மொகம் எனக்கு ஞாபகமில்ல, ஹாப்லி. சத்தியமா."

"மொகம் வேணாம். அன்னிக்கு நீ என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா? அத எடுத்துட்டு வான்னு சொன்னது யாரு? நீ சொன்ன. நீ போயிருக்கணும். உனக்குப் பதிலா நான் போனேன்."

இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு சிப்பாய் அந்த மனிதரை நீ என்று சொன்னது அதுதான் முதல் முறையாக இருக்கும். மேஜர் அதைத் திருத்தவில்லை.

"பதினோரு மணிக்கு ஜெனரல் வர்றதா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். "கடைசியில அவர் வரவேயில்ல."

ஆக, ஞாபகம் இருந்தது. எனாக்குக்கு அதற்குமேல் சந்தேகம் எதுவும் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும், சொன்னால் குமிழைத் திரும்பத் திருகிவிடுகிறேன் என்றான். சொல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று மேஜர் கேட்டார்.

"இந்தக் கட்டடத்துல எழுபத்தெட்டுக் கதவு இருக்கு. நீ எங்க போனாலும் உனக்கு முன்னாடி நான் போயிருப்பேன்."

"நீயே நின்னு செஞ்ச கட்டடம்ன்னு சொல்றாங்களே. அதக் கெடுக்க உனக்கு மனசு வருமா?"

"ஒண்ணக் கெடுத்தாச்சே" என்றான் எனாக்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியும் புதினாச் சாறும் பரிமாறினார்கள். எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டோர்கஸ் சலவைக்கூடத்திலிருந்து வந்து கதவோரம் நின்றுகொண்டாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேஜர் கார்வுட் தன் பெயரைச் சொல்லி, 1916இல் தான் ஒரு சிப்பாய்க்கு விதியை மீறி உத்தரவிட்டதையும், அவன் கண் போனதையும், தன் பதவிக்குப் பங்கம் வராமலிருக்க அவன் வீட்டுக்குப் பொய் எழுதியதையும், அந்தச் சிப்பாய் இதே கூடத்தில் இருக்கும் எனாக் ஹாப்லி என்பதையும் அணிவகுப்பில் அறிக்கை வாசிப்பது போல ஒரே மூச்சில் சொன்னார். குமிழைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கரண்டிகள் நின்றன. எனாக் காத்திருந்தான். எதற்குக் காத்திருந்தான் என்று கேட்டால், பின்னாளில் அவனாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. யாராவது மேஜையைக் குத்துவார்கள், காறித் துப்புவார்கள் என்று நினைத்திருக்கலாம். அந்த அமைதியில் ஜெத்ரோ கில் வாயைத் திறந்தான். கண்ணோடு இரண்டு கைகளையும் இழந்தவன். பணியாள் ஊட்டிக்கொண்டிருந்ததை மென்றுகொண்டே பேசினான்.

"எங்க கேப்டன் எப்ப வர்றாராம்? அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு வெய்யுங்கப்பா."

கூடம் முழுவதும் சிரித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கேப்டன் இருந்தார். மறுபடி கரண்டிகள் ஓடின. மேஜர் உட்கார்ந்து, ஆறிப்போன இறைச்சியை வெட்டினார். அவர் கத்தி தட்டில் தடுமாறுவதை எனாக் கடைசி வாய் வரைக்கும் கேட்டான். அது அவனுக்கு இனித்தது.

சாப்பாடு முடிந்ததும் வாக்குப்படி குமிழைத் திரும்பத் திருகினான். அன்று சாயங்காலம் ஜெத்ரோ அவனைத் தேடி வந்தான். குரலில் ஒரே சந்தோஷம். எட்டாவது அறை ஜெத்ரோவுடையது. கை இல்லாததால் முழங்கைக்குக் கீழே மிச்சமிருந்த கட்டையைக் கைப்பிடியின் அடியில் தேய்த்துக் குமிழ்களை எண்ணிப் போவான். மூன்று வாரமாக, தனியாகப் போகும்போதெல்லாம், துடைப்பங்கள் வைக்கும் ஒன்பதாவது அறையில்தான் போய் முட்டினானாம். யாரிடமும் சொல்லவில்லையாம். மேஜரைப் போலத் தனக்கும் மூளை கலங்கிவிட்டது, கவனிப்பு விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, அழுதுகொண்டு துடைப்பங்களுக்கு நடுவே நின்றிருக்கிறான். "இன்னிக்கு நேரா ரூமுக்குப் போயிட்டேன்டா, எனாக். சரியாயிடுச்சு" என்றான்.

ஜெத்ரோவை எனாக் நினைக்கவேயில்லை. மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டான்.

ஜெத்ரோ, "எனக்குக் கை இல்ல, எனாக். இருந்திருந்தா இப்ப உன் பல்லு தரையில கெடக்கும்" என்றான். திரும்பிப் போய் நேராக சிஸ்டர் பிராஸரிடம் சொன்னான். அதற்கப்புறம் ஆறு மாதம் எனாக்கோடு பேசவில்லை.

சிஸ்டர் எனாக்கைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் கொடுத்த அறிக்கையை அவன் காதுபடக் கிழித்தாள். வழி பழக்கும் வேலை இனி அவனுக்கு இல்லை என்றாள். ஜெத்ரோவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, மேஜரிடமும் கேட்க வேண்டும் என்றாள். ஜெத்ரோவிடம் இன்னும் நூறு தடவை கேட்கிறேன், அவரிடம் கேட்க மாட்டேன் என்றான் எனாக். பட்டறையை விட்டும் அனுப்பிவிடுவாள் என்று நினைத்தான். அவள் நீளமாக மூச்சு விட்டு, போகச் சொன்னாள்.

மேஜர் சரியான குமிழ்களோடு ஒரே வாரத்தில் கட்டடத்தை முழுதாகக் கற்றுக்கொண்டு, ஜூன் மாதம் தமக்கையின் வீட்டுக்குப் போனார். போகும் முன் பட்டறை வாசலில் நின்று விடை சொன்னார். எனாக் இழைப்புளியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மேஜர் சாப்பாட்டுக்கூடத்தில் சொன்னதை எல்லாம் டோர்கஸ் எழுதி, கெஸையாவுக்கு அனுப்பியிருந்தாள். ஊரில் தேவாலயத்தில் அதை வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று எனாக் கேட்டிருந்தான். பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. டோர்கஸ் அடுப்படியில் நின்று வாசித்தாள்.

கெஸையா எழுதியிருந்தாள்: இது எங்களுக்குத் தெரிந்ததுதான், அண்ணா. 1921இல் உன்னோடு பயிற்சியில் இருந்த ஒருவர் ரயில் மாற இந்த ஊரில் இறங்கினார். சிக்னல் அறையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்கு எழுது என்று அம்மா எத்தனையோ தடவை கெஞ்சினாள். ஐந்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டார். நாங்களும் அவருக்காக வாயை மூடிக்கொண்டோம்.

எனாக் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். டோர்கஸ் வாசித்தாள். ஜன்னல் வழியாகக் கடற்காற்று வந்துகொண்டிருந்தது. எட்டு வருஷம் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே, முன்வரிசையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாட்டுப் பாடியிருக்கிறார்.

"பதில் எழுதணுமா?" என்று டோர்கஸ் கேட்டாள்.

"எழுது. மேஜர் அப்பாவவிட நல்லவருன்னு எழுது. அவராவது எழுந்து நின்னாரு."

அதையே எழுதினாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கெஸையாவிடமிருந்து அதற்குப் பதில் வரவில்லை.

செப்டம்பரில் போர் தொடங்கிற்று. புதிதாகக் கண் இழந்த பையன்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேறொருவர் வழி பழக்கினார். எனாக் அவர்களுக்கு முக்காலியும் தட்டும் செய்யக் கற்றுக்கொடுத்தான். இடைவேளைகளில் மாடி மாடியாகப் போய்க் குமிழ்கள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பான். ஜெத்ரோவின் கதவில் மட்டும் இரண்டு தடவை பார்ப்பான். 1943இல் மேஜர் இறந்த செய்தியை சிஸ்டர் வந்து சொன்னபோது, நன்றி சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான்.

எனாக் 1957 குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியில் இறந்தான். கெஸையா பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு தந்தி அடித்தாள். உடலை ஊருக்குக் கொண்டுவந்தால் அப்பாவின் பக்கத்தில் இடம் இருக்கிறது, செலவெல்லாம் தன் பொறுப்பு என்றிருந்தது. டோர்கஸ் தபால் நிலையத்துக்கு நடந்து போய், வேண்டாம் என்ற ஒரே சொல்லைப் பதில் தந்தியாகக் கொடுத்தாள். இன்னும் எட்டுச் சொல் அதே கட்டணத்தில் அனுப்பலாம் என்று குமாஸ்தா சொன்னான். போதும் என்றாள்.